பொதுமக்கள் ஆட்சேபிக்கவில்லை

நான் கொஞ்ச காலம் பொதுமக்களாக இருந்தேன். சம்பளம் கிடையாது. கூட்டம் நடக்கும் நாட்களில் டீயும் பிஸ்கட்டும் உண்டு. அதற்கு முன்பு ஒரு குக்கர் கம்பெனியின் பேக்கிங் பிரிவில் அட்டைப்பெட்டிகளுக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தேன். பொதுமக்களான பிறகும் அதே டேப்பைத்தான் ஒட்டினேன். ஆனால் சூப்பர்வைசர் என்னை "ஏய்" என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டு, கூப்பிடாமலே இருந்தார்.

இந்தப் பதவி எனக்கு எப்படிக் கிடைத்தது என்று சொல்வதற்கு முன் என் படிப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். சீக்கிரம் முடிந்துவிடும். ஒன்பதாம் வகுப்பில் ஆசிரியர் பெயர் கூப்பிடும்போது நானும் எல்லோரையும் போல "உள்ளேன் ஐயா" சொல்வேன். என் குரல் பல்வரைக்கும் வந்து திரும்பிவிடும். அவர் வரவில்லை என்று குறித்துக்கொள்வார். ஒரு நாள், நெடுநாள் வராத காரணத்தால் என் பெயரை நீக்கியிருப்பதாக வகுப்பில் படித்தார்கள். படிக்கும்போது நான் இரண்டாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். எழுந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்களே என்று சொல்லவில்லை. மறுநாளிலிருந்து நிஜமாகவே போகாமல் நின்றுவிட்டேன். என்னால் பள்ளிக்கூடம் பொய் சொன்னதாக ஆகிவிடக் கூடாது.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் சட்டம் மாறியது. அதுவரை அரசாங்கப் பரிசோதகர் ஒருவர் சொல்லாமல் கொள்ளாமல் வருவார். அடுக்கி வைத்த பெட்டிகளில் நடுவிலிருந்து ஒன்றை உருவுவார், குக்கரைத் தன் அலுவலகத்துக்குத் தூக்கிக்கொண்டு போய்க் கொதிக்க வைத்துப் பார்ப்பார், சரியாக இருந்தால் முத்திரை குத்துவார். புதுச் சட்டப்படி அந்தத் தொல்லை ஒழிந்தது. கம்பெனிகள் எல்லாம் பெரியவர்களாகிவிட்டனவாம். இனி தங்களைத் தாங்களே பரிசோதித்துக்கொள்ளுமாம். அதற்கு ஒரு குழு இருந்தால் போதும். குழுவில் பொதுமக்கள் தரப்பில் ஒரே ஒருவர் இருக்க வேண்டும் என்று மட்டும் சட்டத்தின் கடைசிப் பக்கத்தில் யாரோ எழுதிவிட்டிருந்தார்கள்.

அந்த ஒருவரைத் தேடித்தான் மனிதவள அதிகாரி பேக்கிங் பிரிவுக்கு வந்தார். எங்களை வரிசையாக நிற்க வைத்து, யாருக்காவது ஏதாவது குறை இருக்கிறதா என்று அன்பாகக் கேட்டார். ஒருத்தி கழிப்பறைக் கதவைப் பற்றிச் சொன்னாள். இன்னொருத்தி மின்விசிறியைப் பற்றிச் சொன்னாள். அவர்களையெல்லாம் நன்றி சொல்லி உட்கார வைத்தார். என்னிடம் வந்தபோது நான் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கையில ரத்தம் வருதேம்மா. கட்டர் பட்டுதா?"

நான் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனேன்.

"வலிக்கலையா?"

தலையை ஆட்டினேன். எந்தப் பக்கம் ஆட்டினேன் என்று எனக்கே தெரியாது. ரொம்ப நாளாகப் பெண் தேடி அலைந்த மாப்பிள்ளை வீட்டுக்காரர் மாதிரி அவர் பெருமூச்சு விட்டார். "இந்தப் பொண்ணுதான் பொதுமக்கள்" என்றார்.

குழுவின் முதல் கூட்டம் மேல் மாடியில் நடந்தது. கதவைத் தள்ளுவதா இழுப்பதா என்று தெரியாமல் நான் வெளியே நின்றுகொண்டிருந்ததால், பொதுமக்கள் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை என்று முதல் தீர்மானம் போட்டார்களாம். டீ கொண்டு போனவரின் பின்னால் நுழைந்துவிட்டேன்.

மேஜையின் தலைமாட்டில் சேர்மன். அவர் பக்கத்தில் ஆலோசகர். ஆலோசகர் வேறு யாருமில்லை, சொல்லாமல் கொள்ளாமல் வந்துகொண்டிருந்த அதே பரிசோதகர்தான். இப்போது சொல்லிவிட்டு, கம்பெனி காரில் வருகிறார். முத்திரை குத்திய கையால் பிஸ்கட்டை எடுத்துக்கொண்டே பேசினார்.

"அந்தக் காலத்துல உங்களை நம்பாம வந்து செக் பண்ணிக்கிட்டிருந்தேன். நினைச்சா எனக்கே கூச்சமா இருக்கு. வெளிய நின்னு பாத்தா எல்லாம் தப்பாவேதான் தெரியும். உள்ள வந்து உக்காந்தப்புறம்தான் கண்ணு தெளிஞ்சுது."

பிறகு கம்பெனி தனக்குத் தானே எழுதிக்கொண்ட எச்சரிக்கைக் கடிதம் வாசிக்கப்பட்டது. படு கண்டிப்பான கடிதம். அடுத்து அதற்குக் கம்பெனி அனுப்பிய பதில் வாசிக்கப்பட்டது. அது மிகவும் பணிவாக இருந்தது. பதில் திருப்தி அளிப்பதாகக் கம்பெனி கருதியதால் கம்பெனியை மன்னித்து விட்டுவிட்டார்கள். மன்னித்த பெருந்தன்மைக்காகச் சேர்மனுக்கு ஆலோசகர் சால்வை போர்த்தினார்.

அதன் பிறகுதான் விஷயத்துக்கு வந்தார்கள். குக்கர் மூடியில், விசில் உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில், பொட்டு வைத்த மாதிரி ஒன்று இருக்கும். அதுதான் சேஃப்டி வால்வு. விசில் அடைத்துக்கொண்டு, உள்ளே ஆவி அளவு மீறிச் சூடேறினால், அதன் நடுவில் இருக்கும் உலோகம் உருகி ஓட்டை விழும். ஆவி அந்த வழியாகப் போய்விடும். சமைத்தது வீணாகும், சுவர் நாசமாகும், ஆள் பிழைத்துக்கொள்வார். சுவர் நாசமானதைப் பற்றிக் கம்பெனிக்கு நிறையப் புகார்கள் வந்திருந்தன. ஆள் பிழைத்ததைப் பற்றி ஒரு கடிதம்கூட வரவில்லை.

"அப்ப நமக்குக் கெட்ட பேரு வாங்கித் தர்றது வால்வுதான்" என்றார் சேர்மன். உருகவே உருகாத வால்வு ஒன்றைப் பொருத்திப் புது மாடல் கொண்டுவருவது என்றும், விசில் சத்தத்தையும் குறைத்து அதற்கு 'அமைதி' என்று பெயர் வைப்பது என்றும் அவர் ஏற்கெனவே முடிவு செய்திருந்தார். குழு அதைப் பரிசீலிக்க வேண்டும். கம்பெனியின் பொறியாளர், மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடியே, எழுந்து நின்றார்.

"சார், அது உருகணும். உருகறதுக்காகத்தான் அதை வச்சிருக்கு."

"நம்ம கம்பெனிப் பொருள் எதுவும் உருகக் கூடாது. அதுக்குப் பேருதான் தரம்."

"அப்ப மூடி பறக்கும் சார். அடுப்புக்கு முன்னாடி நிக்கிறவங்க முகம்..."

"எப்பவும் பறக்குமா?"

"எப்பவும் இல்ல. விசில் அடைச்சுக்கிட்டாத்தான்."

"பெரும்பாலும் பறக்காது?"

பொறியாளர் நேர்மையானவர். "பெரும்பாலும் பறக்காது" என்றார்.

"பொறியாளரே சொல்லிட்டாரு, எழுதிக்குங்க" என்றார் சேர்மன். பெட்டியில் அச்சடிக்கும்போது இடம் போதவில்லை என்று 'பெரும்பாலும்' என்பதை எடுத்துவிட்டார்கள். 'மூடி பறக்காது: பொறியாளர் உறுதி' என்று வந்தது. பொறியாளரைக் காலண்டர் அடிக்கும் பிரிவுக்கு மாற்றினார்கள். அங்கே அவருடைய நேர்மைக்கு ஆபத்து குறைவு.

கடைசியாகச் சேர்மன் என் பக்கம் திரும்பி, பொதுமக்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மூடி பறக்கும் என்று பொறியாளர் சொன்னது எனக்குப் புரிந்திருந்தது. வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வாயில் பிஸ்கட் இருந்தது. மூடிக்கொண்டேன். 'பொதுமக்கள் ஆட்சேபிக்கவில்லை' என்று மனிதவள அதிகாரி எழுதி, கையெழுத்துக்காக என் முன்னால் நீட்டினார். என் கையெழுத்து மட்டும் எப்போதும் அழகாக இருக்கும். போட்டேன்.

இது இத்தோடு போயிருந்தால் நானும் மற்ற பொதுமக்களைப் போல நிம்மதியாக இருந்திருப்பேன். ஆனால் புது மாடலின் முதல் பெரிய குக்கரைக் கம்பெனி பொதுமக்களுக்குப் பரிசாகக் கொடுத்தது. பொதுமக்கள் நான்தானே. ஆட்டோ வைத்து வீட்டுக்கே அனுப்பிவிட்டார்கள்.

வீட்டில் நானும் அக்காவும்தான். மாமா லாரி ஓட்டுகிறவர், எப்போதாவது வருவார். அக்கா அலுவலகங்களுக்கு மதியச் சாப்பாடு சமைத்துக் கொடுக்கிறாள். காலை முழுக்க அடுப்பும் அவளும்தான். அந்தச் சமையலறையில் அடுப்புக்கும் சுவருக்கும் நடுவே ஓர் ஆள் நிற்கத்தான் இடம். குனிந்தால் முகம் மூடிக்கு நேராக இருக்கும். பழைய குக்கரின் பிடி ஆடிக்கொண்டிருந்ததால், புதியதைப் பார்த்ததும் என் கன்னத்தைக் கிள்ளினாள். நான் வேலைக்குப் போய் அவளுக்குக் கிடைத்த முதல் பிரயோஜனம் அது.

"அக்கா, இதுல வைக்க வேணாம்" என்றேன்.

"என்ன?"

"வால்வு சரியில்லை. மூடி..."

"வாய்க்குள்ளயே பேசாதடி. இங்க பாரு, பொதுமக்கள் ஒப்புதல் பெற்றதுன்னு போட்டிருக்கு. கீழ இருக்கிறது உன் கையெழுத்துதானே? நீயே போட்டுட்டு நீயே வேணாங்கறியா?"

அன்று முழுவதும் சமைத்துப் பார்த்துவிட்டு, சாயங்காலம் சொன்னாள்: "உன்னை மாதிரியே இருக்குடி. உள்ள என்ன நடக்குதுன்னே தெரியல."

மறுநாள் குக்கரைக் கட்டிலுக்கு அடியில் ஒளித்து வைத்தேன். அக்கா கண்டுபிடித்து, பொறாமையா என்று கேட்டாள். விசிலைக் கழற்றி அரிசிப் பானைக்குள் போட்டேன். அதையும் எடுத்துவிட்டாள். கடைசியில் காலையில் அவள் சமைக்கும்போதெல்லாம் பக்கத்தில் நின்று, நிமிஷத்துக்கு ஒரு தரம் அடுப்பைக் குறைத்துக்கொண்டிருந்தேன். கம்பெனி எடுத்துவிட்ட வால்வின் வேலையை நான் பார்த்தேன் என்று சொல்லலாம். சாப்பாடு அரைவேக்காடாகப் போய் இரண்டு அலுவலகங்கள் கையை விட்டுப் போயின. வேலைக்குத் தாமதமாகப் போய்த் திட்டு வாங்கினேன். நான் கிளம்பிய பிறகு அடுப்பில் ஏறுவதற்கு என்ன செய்வது என்பதற்கு மட்டும் வழி தெரியவில்லை. தெருமுனையில் நின்று சமையலறை ஜன்னலைத் திரும்பிப் பார்த்துவிட்டுப் போவேன். பார்த்தால் மூடி பறக்காமல் நின்றுவிடும் என்பது போல.

வேறு வழியில்லாமல் ஒரு நாள் அரை நாள் லீவு சொல்லிவிட்டு அரசாங்கத்தின் பாதுகாப்புத் துறைக்குப் போனேன். நாலு மாடிக் கட்டடம். மூன்று மாடிகளை வாடகைக்கு விட்டிருந்தார்கள். கீழ்த்தளத்தில் எங்கள் கம்பெனியின் ஷோரூம் இருந்தது. துறை மொட்டை மாடிக்குப் பக்கத்து அறையில் இருந்தது. துறையில் ஒரே ஓர் அதிகாரி இருந்தார். ஒருவர் வந்திருக்கிறார் என்றதும் நாற்காலியிலிருந்து தூசியைத் தட்டி அவரே எனக்குப் போட்டார்.

நான் விஷயத்தை ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோயிருந்தேன். எழுத எனக்குக் கூச்சம் கிடையாது. கம்பெனியில் நான் யார் என்பதை மட்டும் எழுதவில்லை. அவர் முழுவதும் படித்தார். படிக்கப் படிக்க முகம் மாறியது.

"யாருக்காவது காயம் பட்டிருக்காம்மா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"பட்டிருந்தா நான் ஒரு விசாரணை வைக்கலாம். படறதுக்கு முன்னாடி வைக்க இப்ப எனக்கு அதிகாரம் இல்ல. முன்னாடியெல்லாம் படறதுக்கு முன்னாடி மட்டும்தான் வைப்போம். மாத்திட்டாங்க." அவர் மேஜை இழுப்பறையைத் திறந்து முத்திரைக் கட்டையை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார். பிறகு முகம் தெளிந்தது. "ஒண்ணு செய்யலாம். ஒவ்வொரு கம்பெனியிலயும் பொதுமக்கள் பிரதிநிதின்னு ஒருத்தர் இருக்கணும். சட்டத்துல நான்தான் சண்டை போட்டு அந்த வரியைச் சேத்தேன். அவங்க வேணாம்னு சொன்னா மாடல் நின்னுடும். அந்தக் கம்பெனியில யாரோ ஒரு பொண்ணு இருக்காம். அதைப் போய்ப் பாருங்க."

நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நல்ல பொண்ணுன்னு சேர்மனே சொன்னாரு. எந்தப் பிரச்சினையும் பண்ணாதாம்."

நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அந்தப் பெண்ணைப் பற்றி அவர் வைத்திருந்த நல்ல எண்ணத்தைக் கெடுக்க மனம் வரவில்லை.

அடுத்து வந்தது அறிமுக விழா. ஊர் ஊராகக் குக்கர் விற்கும் வியாபாரிகளையெல்லாம் கூப்பிட்டிருந்தார்கள். அவர்கள் ஒப்புக்கொண்டுவிட்டால் 'அமைதி' எல்லாக் கடைகளுக்கும் போய்விடும். மண்டபத்தில் மேடை போட்டு, மேடையில் ஒரு கேஸ் அடுப்பும், அடுப்பின் மேல் ஒரு குக்கரும் வைத்திருந்தார்கள். மேடைக்குப் பின்னால் திரை. திரைக்குப் பின்னால் மதியச் சாப்பாடு புதுக் குக்கர்களிலேயே தயாராகிக்கொண்டிருந்தது. பொதுமக்கள் குடும்பத்துக்கு ஓர் உதவியாக இருக்கட்டும் என்று அந்தச் சமையலை அக்காவிடமே ஒப்படைத்திருந்தார்கள். கைவிட்டுப் போன அலுவலகங்களுக்கு ஈடு கிடைத்ததென்று அவள் விடிவதற்கு முன்பே வந்து, வரிசையாக அடுப்பு மூட்டி, குக்கர்களுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தாள்.

என்னை மேடையில், குக்கருக்குப் பக்கத்தில், மைக் முன்னால் நிறுத்தினார்கள். நான் பேச மாட்டேன் என்று எல்லோருக்கும் தெரியும். பொதுமக்களின் முன்னால் ஒரு மைக் இருந்தால் பார்க்க நன்றாக இருக்கும் என்று வைத்திருந்தார்கள்.

அடுப்பைப் பற்ற வைத்ததும் சேர்மன் பேச ஆரம்பித்தார். கையில் வயர் இல்லாத மைக்.

"எங்க மேல யாரும் ஒரு கண்ணு வைக்க வேண்டியதில்ல. எங்களுக்கே மனசாட்சி இருக்கு. போன வருஷம் மனசாட்சிக்குன்னு தனியா ஒரு டிபார்ட்மென்ட்டே ஆரம்பிச்சோம். நஷ்டத்துல போனதால மூடிட்டோம். ஆனா அந்த அனுபவம் எங்ககிட்ட இருக்கு. மக்களை எங்களைவிட அதிகமா யார் நேசிக்க முடியும்? உயிரோட இருக்கிறவங்கதான் திரும்ப வந்து வாங்குவாங்க. இது எங்களுக்குத் தெரியாதா?"

வியாபாரிகள் கை தட்டினார்கள். குக்கர் ஏதோ முனகியது. சேர்மன் பேசிக்கொண்டே மேடை ஓரத்துக்கு நடந்தார். பேசுகிறவர்கள் நடப்பது வழக்கம்தான். ஆலோசகருக்கு அப்போது பார்த்து ஒரு போன் வந்தது. காதில் வைத்துக்கொண்டு படியிறங்கினார். போன் அடித்த சத்தம் எனக்குக் கேட்கவில்லை. மனிதவள அதிகாரி குனிந்து ஷூ லேஸைக் கட்டினார். கட்டிக்கொண்டே, குனிந்த நிலையிலேயே, தூணுக்குப் பின்னால் போய்ச் சேர்ந்தார். மேடையில் நானும் குக்கரும் மட்டும் இருந்தோம். ஆவி வர வேண்டிய இடத்தில் ஆவி வரவில்லை. மூடி லேசாக அதிர்ந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பொறியாளர் சொன்னது இவர்களுக்குப் புரியவில்லை என்றே நான் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். பெரியவர்கள், நிறைய வேலை, காதில் விழுந்திருக்காது என்று அவர்களுக்காக நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒவ்வொருவருக்கும் அடி கணக்காகப் புரிந்திருந்தது. எவ்வளவு தூரம் தள்ளி நிற்க வேண்டும் என்பது வரை. திரைக்குப் பின்னால் தள்ளி நிற்க இடமில்லாமல் நின்றவள் என் அக்கா ஒருத்திதான்.

"சார், ஏன் தள்ளிப் போறீங்க?" என்றேன்.

வாய்க்குள்ளேதான் சொன்னேன். ஆனால் மைக் அதை எடுத்து, மண்டபத்தின் நாலு மூலையிலும் வைத்தது. கை தட்டியவர்கள் நிறுத்திவிட்டார்கள். சேர்மன் சிரித்தார்.

"பொதுமக்களுக்கு முன்னாடி நிக்கக் கூடாதுன்னு ஒரு மரியாதைம்மா."

"பரவால்ல சார். பக்கத்துல வந்து நில்லுங்க."

அவர் வரவில்லை. ஆலோசகரைப் பார்த்தார். ஆலோசகர் போனில் "ஆமாங்க, ஆமாங்க" என்றார். முன்வரிசையில் ஒரு வயதான வியாபாரி, குக்கருக்கும் சேர்மனுக்கும் நடுவில் இருந்த தூரத்தை ஒரு தரம் கண்ணால் அளந்தார். பிறகு நாற்காலியைப் பின்னால் இழுத்துப் போட்டார். அவருக்குப் பின்னால் இருந்தவரும் இழுத்துப் போட்டார். மண்டபம் முழுக்க நாற்காலி இழுக்கும் சத்தம்.

"அக்கா, அடுப்பை அணைச்சிட்டு வெளிய வா" என்றேன்.

திரைக்குப் பின்னால் ஒவ்வொரு அடுப்பாக 'டக்' என்று அணைவது கேட்டது. கடைசி சத்தம் கேட்ட பிறகு, என் பக்கத்திலிருந்ததை நான் அணைத்தேன். அவசரத்தில் முதலில் தவறான பக்கம் திருப்பி, தீ பெரிதாகி, மனிதவள அதிகாரி தூணுக்குப் பின்னால் உட்கார்ந்தே விட்டார்.

வயதான வியாபாரி எழுந்து, அரசாங்க முத்திரை எங்கே என்று கேட்டார். அதெல்லாம் பழைய காலம் என்று ஆலோசகர் எடுத்துச் சொல்ல, "கடையில இதுக்குப் பக்கத்துல நாங்கதாங்க நிக்கணும். முத்திரை இல்லாம ஒண்ணுகூட எடுக்க மாட்டோம்" என்று சொல்லிவிட்டு, வெந்தும் வேகாத சாப்பாட்டைச் சாப்பிடாமலே எல்லோரும் கிளம்பிவிட்டார்கள்.

அன்று மாலையே குழு கூடியது. காட்சி விளக்கம் மாபெரும் வெற்றி என்றும், குக்கர் வெடிக்கவில்லை என்றும் பதிவு செய்தார்கள். பொதுமக்கள் பேசியது பொதுமக்களின் கடமைக்கு முரணானது என்பதால் என்னைப் பொதுமக்களிலிருந்து நீக்கினார்கள். இந்த முறை நான் எழுந்து நின்று, சரி என்றேன். அதை எழுத எந்த இடமும் அவர்களிடம் இல்லை.

வியாபாரிகள் சங்கம் நெருக்கியதில் மேலிடம் அசைந்தது. காயம் படுவதற்கு முன்பே பரிசோதிக்கும் அதிகாரம் மொட்டை மாடி அதிகாரிக்குத் திரும்பக் கிடைத்தது. கட்டுப்பாடு வேண்டும் என்று முதலில் கேட்டதே தாங்கள்தான் என்று சேர்மன் பத்திரிகையில் சொன்னார். அதிகாரி ஆளனுப்பி அக்காவின் குக்கரைக் கேட்டு வாங்கினார். எங்களையும் வரச் சொன்னார்.

கட்டடத்துக்குப் பின்னால் இருந்த காலி மைதானத்தில், விசிலை அடைத்து, குக்கரை அடுப்பில் வைத்து, எல்லோரையும் ஒரு சுவருக்குப் பின்னால் நிறுத்தினார். அக்கா முணுமுணுத்துக்கொண்டே நின்றாள். நல்ல குக்கர், வீணாகப் போகிறது என்று அவளுக்கு வருத்தம். கொஞ்ச நேரம் ஒன்றுமே இல்லை. பிறகு காது அடைக்கிற மாதிரி ஒரு சத்தம். மூடி இரண்டாவது மாடி ஜன்னலைத் தாண்டி மேலே போய், நிதானமாகச் சுழன்று வந்து, ஷோரூமுக்குப் பின்பக்கம் நீட்டிப் போட்டிருந்த தகரக் கூரையில் விழுந்து அதைக் கிழித்துக்கொண்டு உள்ளே போனது.

அக்கா முகத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். நெற்றி, மூக்கு, இரண்டு கன்னம். எல்லாம் இருந்தன.

"ஏன்டி, இதை எங்கிட்ட முன்னாடியே சொல்ல மாட்டியா?"

"சொன்னேன்க்கா."

"சொன்னியா, முனகினியா?"

அதிகாரி தாளும் பேனாவுமாக வந்து, நடந்ததை முதலிலிருந்து யாராவது சொன்னால் எழுதிக்கொள்கிறேன் என்றார். எப்போதும் எனக்காகப் பேசுகிற அக்கா வாயே திறக்கவில்லை. என் முதுகில் கையை வைத்து, அவர் முன்னால் தள்ளிவிட்டாள்.